நல்ல நாற்காலிகள், சும்மா

உக்காருங்க சார். அதுல வேணாம், அதுக்கு அடுத்ததுல உக்காருங்க. அது நாப்பத்தேழாம் நம்பர், முதுகுல ஒரு ஸ்க்ரூ லூசா இருக்கு, சாயங்காலம் முடுக்கணும். இப்ப உக்காந்தீங்களே, இது நூத்தி ரெண்டு. அசைஞ்சு பாருங்க. கூச்சப்படாம அசைங்க, உங்க வீட்டு நாற்காலின்னு நெனச்சுக்குங்க. சத்தம் வருதா? வராது.

ஃபேன் ஒண்ணுதான் இருக்கு, உங்க பக்கம் திருப்பி வைக்கறேன். தகரக் கூரை, பிப்ரவரியிலேயே இப்படி வேகுது. எனக்குப் பழகிடுச்சு.

நீங்க கேட்டது நியாயமான கேள்விதான். நூத்தி எண்பத்தாறு நாற்காலி, தொண்ணூறு மேசை, ஒண்ணுகூட ஒடஞ்சதில்ல, சும்மா எடுத்துட்டுப் போங்கன்னு ஒருத்தன் சொன்னா, எங்கேருந்துடா தூக்கிட்டு வந்தேன்னுதான் யாருக்கும் தோணும். உங்களுக்கு முன்னாடி நாலு பேருக்குத் தோணுச்சு. ஒருத்தர் மூஞ்சிக்கு நேராவே கேட்டார். இன்னொருத்தர் டீயைக் குடிச்சுட்டு, போன் வந்த மாதிரி காதுல வச்சுக்கிட்டு வெளிய போனார், அப்படியே பஸ் ஏறிட்டார். அதனால உங்ககிட்ட மொதல்லயே எல்லாத்தையும் சொல்லிடறேன். கேட்டுட்டு எடுத்துக்கிட்டாலும் சரி, வேணாம்னாலும் சரி. இருபத்தெட்டாம் தேதி இந்தக் குடோன் சாவியைக் குடுத்தாகணும். அன்னிக்கு இதுங்க உள்ள இருந்தா, நசுக்கற மெஷினுக்குத்தான் போவும். எனக்கென்ன, போனா போகட்டும். மார்ச்சோட நான் ரிட்டயர்டு.

என் பேரு தணிகாசலம். திருத்தணிப் பக்கம். ஆபீஸ் இன்டீரியர் பண்ற கம்பெனியில இருபத்தாறு வருஷம் சூப்பர்வைசர். இன்டீரியர்னா அழகா ஜோடிக்கறதுன்னு நெனப்பீங்க. நான் ஜோடிக்கற ஆள் இல்ல சார், பிரிக்கற ஆள்.

இந்த ஓ.எம்.ஆர். ரோட்டுல கண்ணாடி கண்ணாடியா ஆபீஸ் நிக்குதே, முக்காவாசி வாடகைக் கட்டடம். அஞ்சு வருஷம், ஏழு வருஷம்னு எடுப்பாங்க. காலி பண்றப்போ, வரும்போது எப்படி இருந்துச்சோ அப்படியே வெறுங்கூடாக் குடுக்கணும்னு அக்ரிமென்ட்டுல இருக்கும். தரை, தூணு, சுவரு, அவ்ளோதான். உள்ள போட்ட தடுப்பு, சீலிங், கார்ப்பெட், மேசை, நாற்காலி எல்லாத்தையும் ஒழிச்சுக் குடுக்கணும். ஒழிச்சுக் குடுத்த அடுத்த வாரமே புதுசா ஒரு கம்பெனி வந்து அதே எடத்துல அதே மாதிரி தடுப்பு, அதே மாதிரி மேசை போடும். அதையும் பல சமயம் எங்க ஆளுங்களேதான் போடுவாங்க. ஒரு கையால போட்டு ஒரு கையால பிடுங்கற வேலை. இருபத்தாறு வருஷத்துல ஒருநாளும் இதை நான் ரோசனை பண்ணிப் பாத்ததில்ல. வேலை வேலைதானே.

ஒரு மாடின்னா ஒம்பது நாள். எனக்குப் பேரே ஒம்பது நாள் தணிகாசலம். மேசையைப் பிரிச்சு எறக்கறதுக்கெல்லாம் நேரம் கிடையாது. சம்மட்டியால நாலு போடு, கம்பு கம்பாப் போயிடும், லாரியில கொட்டு, ஓட்டு. அதெல்லாம் எங்க போச்சுன்னு என்னைக் கேக்காதீங்க. லாரி கேட்டைத் தாண்டிச்சுன்னா என் வேலை முடிஞ்சுது.

இப்படி ஓடிட்டிருந்த பொழப்புல போன ஜூலை மாசம் ஒரு மேடம் வந்தாங்க. ஷர்மதான்னு பேரு. கோயமுத்தூர்ப் பொண்ணு, முப்பது முப்பத்திரெண்டு வயசு இருக்கும். பெருங்குடியில ஒரு கம்பெனி ரெண்டு மாடி காலி பண்ணிட்டு தரமணிக்குப் போறாங்க. அவங்க வெளிநாட்டு முதலாளிங்க சொல்லிட்டாங்களாம், பூமி சூடாவுது, நம்ம ஆபீஸால எவ்ளோ சூடாவுதுன்னு பாத்துக் கொறைங்கன்னு. அதுக்குன்னு எங்க கம்பெனி புதுசா எடுத்த ஆளு இந்த மேடம். மொத நாள் சைட்டுக்கு வந்தாங்க, நான் பழக்க தோஷத்துல, "மேடம், எதுலேருந்து ஒடைக்க ஆரம்பிக்கலாம்?"னு கேட்டேன். "எதையும் ஒடைக்கறதில்லீங்க சார், எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் போறமுங்க"ன்னாங்க. கூட்டிக்கிட்டு. ஏதோ மாடு கன்னு மாதிரி.

எனக்கு அன்னிக்கே தலைவலி ஆரம்பிச்சுது.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கறப்ப சொன்னாங்க, இந்த ஒரு நாற்காலிக்குள்ள எழுபது கிலோ புகை இருக்குதுங்க சார்னு. நான் சிரிச்சுட்டேன். அப்புறம் அவங்க போனதும், மனசு கேக்காம, கீழ லோடு எடை போடற மெஷின்ல ஒரு நாற்காலியைத் தூக்கி வச்சேன். பதினாறு கிலோ. மறுநாள் போய், "மேடம், பதினாறு கிலோ நாற்காலியில எழுபது கிலோ புகையை எங்க ஒளிச்சு வச்சிருக்கு?"ன்னு கேட்டேன். கோவிச்சுக்குவாங்கன்னு நெனச்சேன். கோவிக்கல. எடை போட்டுப் பாத்தீங்களான்னு அவ்ளோ சந்தோஷம் அவங்களுக்கு. பக்கத்துல ஒக்காந்து சொன்னாங்க. இரும்பை உருக்கறதுல புகை, எண்ணெயிலேருந்து பஞ்சு பண்றதுல புகை, கப்பல்ல கொண்டாறதுல புகை. அது எல்லாம் ஏற்கெனவே போயாச்சு. இனி அதைப் பிடிச்சு உள்ள போட முடியாது. அதுக்குப் பதிலா நமக்குக் கெடச்சது இந்த ஒரு நாற்காலிதான். இதை ஒடச்சுட்டா அந்தப் புகை சும்மா போன மாதிரி. புதுசு வாங்கினா மறுபடி இன்னொரு எழுபது.

நான் சரின்னுட்டு எழுந்து போயிட்டேன். பெருசா ஒண்ணும் நெனைக்கல. என்னா, அன்னியிலேருந்து நாற்காலியைப் பாத்தா அந்த நம்பர் ஞாபகம் வருது, அவ்ளோதான். இருபத்தாறு வருஷத்துல எத்தனை நாற்காலின்னு ஒருநாள் பெருக்க ஆரம்பிச்சேன். வேணாம்னு விட்டுட்டேன்.

இப்ப ஸ்டிக்கர் கதைக்கு வரேன். அதுதான் முக்கியம்.

தரமணியில புது ஆபீஸ் கட்டடத்துக்கு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கறாங்க, பசுமைக் கட்டடம்னு. அதுக்கு சோதிக்க வர்றவங்க, பழைய சாமானைக் கொண்டாந்து போட்டா ஒத்துப்பாங்க, ஆனா ஒவ்வொண்ணுக்கும் பேப்பர் இருக்கணும். எங்க பண்ணது, எந்த வருஷம், எவ்ளோ எடை தாங்கும், தீப்பிடிக்குமா பிடிக்காதா, எல்லாம். மேடம் அதை ஒவ்வொரு சாமானுக்கும் கம்ப்யூட்டர்ல ஏத்தி, சின்னதா ஒரு கட்டம் போட்ட ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டினாங்க. போனைக் காட்டினா ஜாதகமே வந்து நிக்கும். நாற்காலிக்கு ஜாதகம். என் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நான் அவ்ளோ பாக்கல.

மூணு வாரம் சார். மேடமும் அஞ்சு பேரும் மேசைக்கு அடியில படுத்து, டார்ச் அடிச்சு நம்பரைப் படிச்சு, ஒட்டி முடிச்சாங்க. அஞ்சு பேர்ல நானும் ஒருத்தன். இந்த வயசுல மேசைக்கு அடியில படுத்து எழுந்தா இடுப்பு என்னாத்துக்கு ஆவும்? படுத்தேன். குறை சொல்லல. கடைசி ஸ்டிக்கர் ஒட்டினப்போ மேடம் எல்லாருக்கும் மைசூர்பாக் வாங்கியாந்தாங்க. சனிக்கிழமை சாவி குடுக்கணும். வியாழக்கிழமை காலையில லாரி. புதன்கிழமை ஆயுத பூஜை.

மேடம் செவ்வாய்க்கிழமை ரயிலுக்கு ஊருக்குக் கிளம்பிட்டாங்க. போறப்ப, "சார், எல்லாம் ரெடியா இருக்குதுங்க, நீங்க பாத்துக்குங்க"ன்னாங்க. பாத்துக்குங்கன்னா நான் என்ன பண்ணுவேன்? பாத்துக்குவேன்ல?

இருபத்தாறு வருஷத்துல ஒரு ஆயுத பூஜை நான் விட்டதில்ல. எந்த சைட்டுல இருந்தாலும் சரி, அன்னிக்குக் கடப்பாரையிலேருந்து டிரில்லிங் மெஷின் வரைக்கும் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, பொரி கடலை வச்சு, பூசணிக்கா ஒடச்சுத்தான் வூட்டுக்குப் போவேன். இந்த வருஷம் பாத்தா கடப்பாரைக்கு வேலையே இல்ல. வேலையெல்லாம் நாற்காலி மேசைக்குத்தான். மூணு மாசமா அதைச் சுத்தித்தானே பொழப்பு. சரி, அதுக்கே பண்ணிடுவோம்னு தோணுச்சு. தப்பா சார்? சொல்லுங்க. ஆபீஸ்ல கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கல?

ஹவுஸ்கீப்பிங் பொம்பளைங்க நாலு பேரைக் கூப்பிட்டேன். நாளைக்கு இதுங்க புது எடத்துக்குப் போவுது, அழுக்கோட போவக் கூடாது, மேல கீழ ஒரு எடம் விடாம கழுவுங்கம்மான்னேன். கழுவுங்கன்னுதான் சொன்னேன். ஸ்டிக்கரை எடுங்கன்னு நான் சொல்லல. அதுங்க பாவம், ஆபீஸ் கழுவறதுன்னா ஒட்டியிருக்கறதைச் சுரண்டறதும் சேத்துத்தான்னு பழகினதுங்க. கோந்து போவலன்னு தின்னர் வேற கேட்டாங்க. பெயின்ட் ரூம்ல இருக்கு எடுத்துக்கன்னு நான்தான் சொன்னேன். எதுக்குன்னு கேட்டுக்கிட்டா இருப்பேன்? எனக்குப் பூசணிக்கா வாங்கற வேலை.

சாயங்காலம் பாத்தேன் சார். அன்னிக்கு இருந்த நூத்தி எண்பத்தேழு நாற்காலியும் கடையிலேருந்து எறங்கின மாதிரி பளபளன்னு. ஒவ்வொண்ணுக்கும் முதுகுல சந்தனம், நடுவுல குங்குமம். ரெண்டு மாடி முழுக்க வரிசையா. ஒடைக்கற கும்பல் ஒண்ணு இருக்கு, தடுப்பும் சீலிங்கும் எடுக்க வந்தது, அவங்க எல்லாரும் விழுந்து கும்பிட்டாங்க. நான் போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். "பூஜை நல்லபடியா முடிஞ்சது மேடம், எல்லாம் சுத்தம்"னு எழுதி ரெண்டு கைகூப்பும் போட்டேன்.

ரெண்டு நீல டிக் வந்துச்சு. பதில் வரல. ஒரு வாழ்த்துகூட சொல்லல பாருங்கன்னு எனக்கு வருத்தம்.

மறுநாள் விஜயதசமி. ராத்திரி ரயிலைப் பிடிச்சு விடிஞ்சதும் நேரா சைட்டுக்கே வந்துட்டாங்க, பையோட. வந்தவங்க ஒரு நாற்காலியைக் கவுத்துப் பாத்தாங்க. இன்னொண்ணைக் கவுத்தாங்க. இப்படி ஒரு இருபது. அப்புறம் ஸ்டிக்கரெல்லாம் எங்கன்னு கேட்டாங்க. குப்பை மூட்டையில இருந்துச்சு, கொண்டாந்தேன். கீழ ஒக்காந்து மூட்டையைக் கொட்டி ஒண்ணொண்ணா எடுத்துப் பிரிச்சாங்க. கூழாப் போயிருந்துச்சு. ஒரு மணி நேரம் பிரிச்சாங்க. நானும் பக்கத்துல ஒக்காந்து பிரிச்சேன். "மேடம், திருப்பி ஒட்டிக்கலாம்"னேன். "எது எதோடதுன்னு மறுபடி பாக்க மூணு வாரமுங்க சார்"னாங்க. அவ்ளோதான் பேசினாங்க.

என்னை ஒரு சொல் கடிஞ்சிருந்தா எனக்குத் தேவலாமா இருந்திருக்கும். சொல்லல. அது என்ன பழக்கமோ.

பத்தரைக்குப் பெரியவங்க வந்துட்டாங்க. எங்க ப்ராஜெக்ட் ஹெட்டு, அந்தக் கம்பெனி ஆளுங்க, ஆறு பேர். ஸ்டிக்கர் இல்லாம தரமணிக்குள்ள போவாது. சனிக்கிழமைக்குள்ள எடம் காலியாவணும். யார் தப்புன்னு கேட்டார் ஹெட்டு. நான் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன். மேடம் டக்குனு சொன்னாங்க, "என் தப்புங்க சார். லீவு நாள்ல என்ன பண்ணணும், பண்ணக்கூடாதுன்னு நான் எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கணும்"னு. அவங்களே ஒத்துக்கிட்டாங்க. நான் என்ன சொல்றது? பெரியவங்க பேசறப்போ நடுவுல வாயைத் திறக்கற பழக்கம் எனக்குக் கெடையாது.

ரெண்டு வாரத்துல அவங்களை ஹைதராபாத்துக்கு மாத்திட்டாங்க, பர்ச்சேஸ் செக்ஷனுக்கு. சாமான் வாங்கற வேலை. ப்ரமோஷனா இருக்கும்னு நான் நெனச்சுக்கிட்டேன்.

தரமணிக்குப் புது நாற்காலி வந்து எறங்கிச்சு. பழைய பாட்டிலை உருக்கிப் பண்ணதாம். பேப்பரெல்லாம் கரெக்டா இருந்துச்சாம். சர்ட்டிபிகேட்டும் வந்துடுச்சு, ரிசப்ஷன்ல கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்க.

சரி, அன்னிக்கு என்ன ஆச்சுன்னு சொல்றேன். ஹெட்டு சொல்லிட்டுப் போயிட்டார், இனி இதை வச்சு மாரடிக்க முடியாது, வழக்கம்போல ஒடச்சு லாரியில ஏத்துங்கன்னு. ஒடைக்கற கும்பலுக்குத் தலைவி கெங்கம்மான்னு ஒரு பொம்பள, செங்கம் பக்கம். பதினஞ்சு வருஷமா எனக்குக் கீழ வேலை பாக்கறவ. அவ போடற ஒரு போடுக்கு இரும்புக் காலு மடங்கிடும். அவகிட்ட ஆரம்பிம்மான்னேன். அவ சம்மட்டியைக் கீழ வச்சுட்டா.

"இன்னா மேஸ்திரி, நேத்து நீதான் கற்பூரம் காட்டி எல்லாரையும் விழுந்து கும்புட வச்ச. நெத்தியில வச்ச குங்குமம்கூட இன்னும் காயல. இன்னிக்கு அதையே அடிச்சு ஒடைன்ற. எனக்கும் புள்ளைங்க இருக்குது."

கூலி போயிடும்டின்னு சொல்லிப் பாத்தேன், மெரட்டியும் பாத்தேன். இருபது பேரும் கையைக் கட்டிக்கிட்டு நின்னுட்டாங்க. எனக்கு வந்த கோவத்துல சம்மட்டியை நானே எடுத்தேன். என் வலது தோள் கொஞ்ச நாளா வலி சார். தூக்கினேன், மேல போவல. தோள் வலிதான். கீழ வச்சுட்டேன்.

அப்புறம் கெங்கம்மாவே சொன்னா, ஒடைக்கச் சொன்னா மாட்டோம், தூக்கச் சொன்னா தூக்கறோம்னு. ரெண்டு நாள்ல அத்தனையும் தூக்கி எறக்கி, எங்க கம்பெனி வாடகைக்கு எடுத்த குடோன் இது, சாவி எங்கிட்டதான், இங்க கொண்டாந்து போட்டோம். ஹெட்டு என்னைக் கூப்பிட்டு, நீயே போய் அதோட ஒக்காரு, உன் தோளும் சரியில்ல, வித்தா வித்துடு இல்லன்னா பொங்கலுக்குள்ள மெஷினுக்கு அனுப்பிடுன்னார். தலையில கட்டிட்டாங்க.

மொதல்ல பழைய சாமான் வாங்கற ஒருத்தர் வந்தார். நாற்காலிக்கு அடியில ஒரு குழாய் இருக்கில்ல, ஏத்தி எறக்கறது, அது மட்டும் போதுமாம், மிச்சத்தைக் கழிச்சுப் போடுவாராம். வேணாம்னுட்டேன். அடுத்து ஒரு கல்யாண மண்டபத்துக்காரர், வெளி வெராண்டாவுல மழையில வெயில்ல போட்டு வைக்க. பஞ்சு என்னாவும்? அவரும் வேணாம்னுட்டேன். ஹெட்டு போன்ல கத்தினார், நீ என்ன பொண்ணா குடுக்கற, நாற்காலிதானேய்யான்னு. வர்றவன் எவனாவது ஒழுங்கான ஆளா வந்தா நான் ஏன் வேணாம்னு சொல்லப் போறேன்?

போகிக்கு நாலு நாள் முன்னாடி மெஷின்காரன்கிட்ட போனேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு யார்டு. எப்படி நசுக்குதுன்னு பாக்க ஒரு நாற்காலி கொண்டு போனேன். அது நூத்தி எண்பத்தேழாவது. மேல போட்டான். பதினோரு செகண்டு சார். நான் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருந்தேன். இந்தப் பக்கம் பஞ்சும் பிளாஸ்டிக்கும் தூளா வருது, அந்தப் பக்கம் இரும்பு. மெஷின் ஓட்டறவன் அடுத்ததுன்னு கையை நீட்டினான். இருபத்தாறு வருஷமா எத்தனையோ ஒடச்சவன் நான், மிச்சத்தை அப்புறம் கொண்டாறேன்னுட்டு வெளிய வந்துட்டேன். வீட்டுக்கு நேரமாச்சு, அதான்.

வீட்டுக்கு வர்ற வழியிலயே போன்ல ரிப்போர்ட் அனுப்பிட்டேன். எல்லாம் ஒடச்சு அனுப்பியாச்சுன்னு. ஆதாரத்துக்குப் போட்டோ கேப்பாங்க. என் போன்ல ஒடச்சுக் குமிச்ச போட்டோ ஆயிரம் இருக்கு, எந்த சைட்டுது எது, யாருக்குத் தெரியும்? அஞ்சு எடுத்து அனுப்பினேன். ஹெட்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். முடிஞ்சுது. மூணு வாரம் ஸ்டிக்கர் ஒட்டினது பத்தலன்னவங்க, அஞ்சு போட்டோவை நம்பிட்டாங்க.

ஆக, எங்க கம்பெனியில எழுதி வச்சபடி இதுங்க உசுரோட இல்ல சார். நீங்க ஒக்காந்திருக்கறது இல்லாத நாற்காலி.

களவு இல்ல. அதைத்தான் சொல்ல வந்தேன். எனக்கு ஒரு பைசா வேணாம். டீத்தண்ணிகூட நான்தான் வாங்கிக் குடுக்கறேன்.

மேடமா? ஒரே ஒரு தடவை பேசினாங்க, பொங்கல் கழிச்சு. சார், அந்த நாற்காலிங்கெல்லாம் எங்காவது போய்ச் சேந்துதுங்களான்னு கேட்டாங்க. அவங்க கம்பெனி ஆளு. அவங்ககிட்ட நெசத்தைச் சொன்னா அவங்களுக்கும் சிக்கல், எனக்கும் சிக்கல். ஒடச்சாச்சு மேடம்னேன். லைன் கட்டாயிடுச்சோன்னு ஹலோ ஹலோன்னேன். அப்புறம் சரிங்க சார், ஒடம்பைப் பாத்துக்குங்கன்னாங்க.

அன்னியிலேருந்து பொழுது போவலன்னு ஒவ்வொண்ணா ஒக்காந்து பாக்கறேன். ஒவ்வொரு நாற்காலியிலயும் ஒரு கால் மணி நேரம். சாயறேன், சுத்தறேன், எழுந்து ஒக்காரறேன். குறை இருந்தா சரி பண்ணி, நம்பர் போட்டு, இந்த நோட்டுல எழுதறேன். பாருங்க, எழுபத்தொண்ணு, எடது கைப்பிடி மாத்தினது. நூத்தி முப்பது, சக்கரம் எண்ணெய் போட்டது. சும்மா ஒக்காந்திருக்கறதுக்கு இது மேல். நாப்பத்தேழு ஒண்ணுதான் பாக்கி.

நீங்க போன்ல சொன்னது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. உத்திரமேரூர்ல ஒரு ஹாலு, வாலாஜாபாத்துல ஒரு ஹாலு, குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கற பிள்ளைங்க இருநூறு பேர், காலையில எட்டு மணியிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஜமக்காளத்துல ஒக்காந்து முதுகு ஒடிஞ்சு போவுதுன்னீங்களே. அதுங்க ஒக்காரட்டும். ஒரு நாற்காலியில ஒருத்தன் எட்டு மணி நேரம் ஒக்காந்தான்னா அது நாற்காலி. அதுக்குத்தானே பண்ணாங்க.

என்ன சார், எழுந்துட்டீங்க?

லெட்டரா.

இல்ல, புரியுது. நீங்க நடத்தறது ட்ரஸ்டு, ஆடிட்டர் கேப்பார். இவ்ளோ சாமான் எங்கேருந்து வந்ததுன்னு நாளைக்கு எவனாவது மொட்டைக் கடிதாசு போட்டா உங்களுக்குத்தான் கேவலம். நீங்க கேக்கறது தப்பில்ல. முன்னாடி வந்தவங்களும் அதைத்தான் கேட்டாங்க. இல்லன்னேன், போயிட்டாங்க. கம்பெனி லெட்டர் எங்கிட்ட கெடையாது. கேக்கவும் முடியாது. ஒடச்சதா எழுதின சாமானைக் குடுக்கறேன்னு எவன் லெட்டர் குடுப்பான்?

என் கைப்பட எழுதினா போதுமா?

ஒக்காருங்க சார், ஒரு நிமிஷம். ரோசனை பண்ணிக்கறேன்.

மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் நான் கம்பெனி ஆளு. இருபத்தாறு வருஷத்துல ஒரு மெமோ வாங்கினதில்ல. பொய் ரிப்போர்ட் குடுத்தான்னு தெரிஞ்சா கடைசியில வர்ற பணத்தை நிறுத்தி வச்சுடுவாங்க. வீட்டுக்காரிக்கு இன்னும் நான் சொல்லல. அவ அதை நம்பி மேல ஒரு ரூம் போடலாம்னு இருக்கா. எழுதிக் குடுத்தா அந்தத் தாளு உங்க ஃபைல்ல காலத்துக்கும் இருக்கும். யார் கையிலயும் சிக்கலாம்.

எழுதலன்னா இருபத்தெட்டாம் தேதி லாரி வரும். கெங்கம்மாதான் ஏத்த வருவா. போன்ல கேட்டேன் அவளை. அந்தக் குங்குமம் போய் நாலு மாசமாச்சு மேஸ்திரி, எனக்கும் வேலை வேணாமான்னா. அவ சொல்றதும் சரிதான்.

பதினோரு செகண்டு சார் ஒண்ணுக்கு. நூத்தி எண்பத்தாறும் சேத்துப் பாத்தாக்கூட முக்கா மணி நேரம் ஆவாது.

பேனா குடுங்க.

என் கையெழுத்து சுமார்தான். நான் படிச்சுக் காட்டறேன், சரியான்னு சொல்லுங்க. "நூத்தி எண்பத்தாறு நாற்காலிகளும் தொண்ணூறு மேசைகளும் நல்ல நிலைமையில் என்னால் கொடுக்கப்பட்டன. காசு எதுவும் வாங்கவில்லை. இவை உடைக்கப்பட்டதாக நான் கம்பெனிக்குக் கொடுத்த ரிப்போர்ட் பொய். இதற்கு நான் மட்டுமே பொறுப்பு." கீழ பேரு, எம்ப்ளாயி நம்பர், ஊரு. போதுமா? ஆடிட்டர் ஒத்துப்பாரா? தேதி போட்டுட்டேன்.

லாரியை நாளைக்கே கொண்டாந்துடுங்க. தார்ப்பாய் போட்ட லாரியா பாருங்க. ஆளுங்ககிட்ட சொல்லிடுங்க, மேலேருந்து போடக் கூடாது, கைமாத்தித்தான் எறக்கணும். இந்த நோட்டையும் எடுத்துட்டுப் போங்க.

இன்னொரு தாள் இருக்குமா சார்? அரைத் தாளா இருந்தாலும் போதும்.

இது உங்களுக்கு இல்ல. ஹைதராபாத்துக்கு, மேடத்துக்கு. நாற்காலிங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும். அதோட, அந்த ரூம்ல ஆறு பேர் இருந்தாங்க சார், யார் தப்புன்னு கேட்டாங்க, நான் பின்னாடி நின்னுட்டிருந்தேன். கழுவச் சொன்னது நான். தின்னர் குடுத்ததும் நான். இதை இன்னிவரைக்கும் யாரும் என்னைக் கேக்கல, நானும் சொல்லல.